நாலாவது இடத்துக்கு ஒரு மனு

கள்ளக்குறிச்சி
ஜனவரி 27, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி பூமாலைக்கும் தங்கச்சி ராஜாம்பாளுக்கும்,

கயிற்றுக்கடை கலீலுல்லா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் கடையும் வீடும் நன்றாக இருக்கின்றன. நான்தான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். இன்று காலை வந்த பட்டியலில் நம் காலேஜ் பெண்கள் கபடி டீம் ஐந்தாவது இடம். எடுக்கப்போவது நாலு டீம். பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சோறு தீர்ந்துவிட்டது என்று சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு.

உங்கள் காப்பி எஸ்டேட்டில் டவர் இல்லை, கணக்கு எழுதுகிற ரைட்டர் போனைக் கையில் தரமாட்டான், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கினால்தான் பேச்சு என்று உங்கள் மகள் எழில்மதி சொன்னாள். ஒரு வாரம் வரைக்கும் இந்த வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? அதனால் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். ராஜாம்பாள் படிக்கப் படிக்க நீ கேட்டுக்கொள். திட்டுகிற இடம் வந்தால் மட்டும் அவள் கொஞ்சம் மெதுவாகப் படிக்கட்டும்.

முதலில் தங்கச்சி உடம்பு எப்படி? ஆபரேஷன் ஆகி நாலு மாதம்கூட முடியவில்லை. பழம் பறிக்கலாம், கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் அம்மா என் எதிரில்தான் சொன்னார். அங்கே ஏதாவது வலி என்றால் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் போதும். மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுபோனீர்களே, அதை நனையாமல் வைத்திருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் குடகுக்கு ஏறும்போது ரெண்டு ஆட்டம்தான் முடிந்திருந்தது. மொத்தம் பன்னிரண்டு காலேஜ், ஆளுக்கு ஏழு ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது என்பதால் மூன்று பேரைக் குழுவாக உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்கள் திங்கட்கிழமை தோறும் வரிசை போட்டுப் பட்டியல் விடுவார்கள். சில காலேஜுக்கு இன்னும் ஆட்டம் பாக்கி, பிப்ரவரி பத்தாம் தேதி வருவதுதான் கடைசிப் பட்டியல். அதில் முதல் நாலு இடத்துக்குள் வருகிற டீம் இறுதிச் சுற்றுக்குப் போகும். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் பொறுக்குவது அங்கேதான். அந்தச் சட்டையை ஒரு முறை போட்டுவிட்டால் போலீஸ், ரயில்வே என்று எழில்மதிக்கு வழி திறக்கும். அவளுக்கு இது மூன்றாம் வருஷம். இதை விட்டால் அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது.

இப்போது நியாயத்தைக் கேள். நாம் ஐந்து ஜெயித்தோம், ரெண்டு தோற்றோம். நாலாவது இடத்தில் இருக்கிற திருக்கோவிலூர் பக்கத்து ஆத்தங்கரை காலேஜும் ஐந்து ஜெயித்து ரெண்டு தோற்றிருக்கிறது. சரி, நாம் யாரிடம் தோற்றோம்? முதல் இடத்து டீமிடம் ஒரே ஒரு பாயின்ட், ரெண்டாம் இடத்து டீமிடம் மூன்று. அவர்கள் யாரிடம் தோற்றார்கள்? பத்தாவது இடத்தில் கிடக்கிற டீமிடம்! அதை மறைக்கக் கடைசி இடத்துப் பிள்ளைகளை நாற்பது பாயின்டில் நசுக்கி வித்தியாசத்தை ஏற்றி வைத்துக்கொண்டார்கள். சோனியை அடித்தவன் பயில்வானா? இதைக் கேட்டால் எதிர்க்கடை நவுஷாத் சிரிக்கிறான். போனுக்கு ஸ்கிரீன் ஒட்டுகிற பயல். திருக்கோவிலூரில் பிறந்துவிட்டானாம், அதனால் ஆத்தங்கரைக்குத்தான் கை தட்டுவானாம். "இன்னா பாய், யார்கிட்ட தோத்தேன்னு எந்த ஊர்ல பாப்பாங்க? போர்டுல இன்னா போட்டிருக்கான், அத்த பாருங்க" என்கிறான். நான் விடுவேனா? தார்ப்பாய் வாங்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். உங்கள் அண்ணி அஸ்ரப் நிஷா, "ரெண்டு பேருக்கும் ரோட்டுல கோடு கீச்சி வுடறேன், நீங்களே ஆடித் தீத்துக்குங்க" என்றாள்.

ஆனால் உன் மகள் போன சனிக்கிழமை ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும். ரெண்டு நிமிஷம் பாக்கி, நாம் நாலு பாயின்ட் பின்னால். போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுகிற மாதிரி நீட்டி, வலது கார்னர் பெண் பாய்ந்ததும் அவள் தோளுக்கு மேலேயே தாண்டி, பின்னால் நின்ற ரெண்டு பேரையும் தட்டிவிட்டு நடுக்கோட்டில் விழுந்தாள். ஒரே ரைடில் மூன்று பேர்! நான் ஆட்டம் பார்க்கிற முப்பது வருஷத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நீ இல்லையே என்று ஒரு பெரியவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

இந்தப் பிள்ளை ஐந்தாவது இடத்தில் நின்று வீட்டுக்குப் போவதா? என்னால் தாங்க முடியாது தம்பி. நான் சும்மாவும் இல்லை. நம் ஊர் ஜில்லா ஆனதிலிருந்து எதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு காரியம் செய்திருக்கிறேன். பலித்த பிறகு சொல்கிறேன்.

எல்லாம் நம் பக்கம் திரும்ப துஆ செய்யும்,
உன் அண்ணன் கலீலுல்லா


கள்ளக்குறிச்சி
பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி பூமாலைக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். இதைக் கேட்டதும் ரைட்டரிடம் லீவு சொல்.

எவனோ ஒருவன் குழுவுக்கு மனு போட்டிருக்கிறானாம். பெயரில்லாத மனு. ஆத்தங்கரை டீமில் ரெண்டு பேர் வகுப்புக்கே போவதில்லை, ஆடுவதற்கு மட்டும் வருகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லாதவர் ஆடக்கூடாது என்று விதி. குழு சரிபார்த்தது. ஆத்தங்கரைப் பிள்ளைகள் எல்லாருக்கும் எண்பதுக்கு மேல் இருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். மற்ற காலேஜ்களின் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டு டீமிலும் மாட்டியது ஒரே ஒரு பிள்ளை. எழில்மதி. அறுபத்தொரு சதவீதம்.

காரணம் உனக்கும் எனக்கும் தெரியும். தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது அவள்தான். மலையில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு மூன்று வாரம் தண்ணீர் சுமந்து, சோறு ஆக்கி, தலை வாரிவிட்டதும் அவள்தான். நீ அப்போது அறுவடைக்கு ஆத்தூர் பக்கம் போயிருந்தாய். காலேஜில் லீவு கேட்டு எழுதிக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை. நம்மில் யார் இதற்கெல்லாம் லீவு லெட்டர் எழுதினோம்?

குழு என்ன சொல்கிறது என்றால், பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. பிள்ளையும் பெற்றவரும் நேரில் வரவேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் அசல் வேண்டும். கூட இருந்தது என் மகள்தான் என்று நீ எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டும். அப்படிச் செய்தால் பிரின்சிபால் அந்த நாட்களைக் கழித்துக் கொடுப்பார். இல்லையென்றால் அவள் ஆடிய ஆட்டம் அத்தனையும் அடிபடும். ஏழு ஆட்டத்தின் பாயின்டும் போய்விடும். கடைசிப் பட்டியலை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நகலாவது கிடைக்குமா என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளியோ புருஷனோ வந்து எழுதிக் கொடுத்தால்தான் தருவார்களாம். நான் யார் என்று கேட்டார்கள். கயிற்றுக்கடை என்றேன்.

நேற்று எழில்மதி கடைக்கு வந்தாள். அழவில்லை. கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துகொண்டு, "அம்மாவ பாத்துக்கினது தப்பா பெரியப்பா?" என்று கேட்டாள். நான் கல்லாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நவுஷாத் டீ வாங்கி வந்து கொடுத்தான். அவள் போன பிறகு என்னிடம் சொல்கிறான்: "நாங்க மேல போவணும்தான் பாய், இல்லைன்னு சொல்லல. இப்படிப் போயி இன்னா பண்றது? அந்தப் பொண்ணு இல்லாத டீம ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?"

மனு போட்டவன் யார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அது இப்போது முக்கியமில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு பதினேழாம் தேதிக்குள் வந்து சேர். தங்கச்சிக்கு அலைச்சல் வேண்டாம், நீ மட்டும் வந்தால் போதும். மைசூரில் சேலம் பஸ் பிடி, சேலத்தில் இறங்கினால் நம் ஊருக்குக் கால் மணிக்கு ஒரு பஸ்.

காத்திருக்கும்,
உன் அண்ணன் கலீலுல்லா


கள்ளக்குறிச்சி
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

தங்கச்சி ராஜாம்பாளுக்கு,

அம்மா, இந்தக் கடிதத்தை அவனுக்குப் படிக்கும்போது நடுவில் நிறுத்தாதே. அவன் கத்துவான், எழுந்து போவான். இழுத்து உட்கார வைத்துக் கடைசிவரை படித்துவிடு.

பூமாலை, முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து பேசினாய். சுற்றிலும் இரைச்சல், ஆனால் நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "யாரு பாய் அவன்? உங்களுக்குத் தெரியாத ஆளா ஊர்ல? பேர மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றாய். அப்புறம், "நான் எதுக்கு வரணும்? மலைக்காரி கேப்டனா நிக்கிறது பொறுக்கல, அதான பண்ணாங்க? கீழ இருக்கிறவன் கை தட்டறதெல்லாம் சும்மா. சீட்டக் காட்டி நான் அவனுங்ககிட்ட கெஞ்சணுமா? ஞாயித்துக்கெழம எம் மச்சான் வந்து அவள இட்டுக்கினு வந்துடுவான். வந்து காப்பி பறிக்கட்டும், மானமா இருக்கட்டும்" என்றாய். நான் "ம்" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அவன் பெயர் கலீலுல்லா. மனு போட்டது நான்தான்.

எதற்குப் போட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது இடத்தில் இருக்கிறவனைக் கீழே தள்ளினால் ஐந்தாவது இடத்தில் இருக்கிற நாம் தானாக மேலே ஏறுவோம். அவ்வளவுதான் என் கணக்கு. ஆத்தங்கரைப் பிள்ளைகள் வகுப்புக்குப் போவதில்லை என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். யார் பேசினார்கள், மெய்யா பொய்யா என்று யோசிக்கவில்லை. நேராகக் கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிற டைப்பிங் கடைக்குப் போனேன். நம் ஊரில்தான் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மனு, பக்கத்து வீட்டுக் கோழி கத்தினாலும் மனு. டைப் அடிக்கிறவருக்கு எல்லாம் மனப்பாடம். "கீழே இன்னா பேர் போடட்டும் பாய்?" என்றார். "பொதுநலம் விரும்பி" என்று போடச் சொன்னேன். தூக்கிக் குப்பையில் போட்டுவிடாமல் இருக்க, நகல் என்று பதினோரு பேருக்கு அனுப்பினேன். கலெக்டர் ஆபீஸ்வரைக்கும் போயிருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் உன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு காலேஜை மட்டும் சொன்னால் கள்ளக்குறிச்சிக்காரன் வேலை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு புத்தி. அதிபுத்தி! எல்லா அணிகளின் வருகைப் பதிவேட்டையும் பாரபட்சமின்றிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்து அடிக்கச் சொன்னேன். நடுநிலைமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் நம் பதிவேட்டையும் வரவழைத்தார்கள். அப்போது எழில்மதியின் அந்த நாட்கள் என் நினைவில் இல்லை பூமாலை. ஆஸ்பத்திரிக்கு நானே மூன்று தடவை கஞ்சி எடுத்துப் போயிருக்கிறேன், அவளை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனாலும் நினைவில்லை. பட்டியலைப் பார்த்துப் பார்த்து என் மண்டைக்குள் டீமும் பாயின்டும்தான் இருந்தன, பிள்ளை இல்லை.

முன் கடிதத்தில் எவனோ என்று எழுதினேன். கை கூசாமல் எழுதினேன். தூ, நானும் ஒரு மனிதன்!

நேற்று மலைக்குப் போனேன். உன்னிடம் "ம்" சொன்ன பிறகு கடையில் உட்கார முடியவில்லை. வெள்ளிமலை பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போதெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உன் அக்கா பெரியநாயகியும் எழில்மதியும் கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழில்மதி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "வாங்க பெரியப்பா, பஸ்ஸுல தல சுத்துச்சா?" என்று கேட்டாள். எனக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கு நினைவிருக்கிறது.

காலேஜுக்கு ஒரு வாரமாகப் போகவில்லையாம். ஆடுகிற ஷூவை மாமன் மகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். "யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும் பெரியப்பா. எலவனாசூர்கோட்டை ஷாலினிதான். டிசம்பர் வரைக்கும் அவதான் கேப்டன். என்னைப் போட்டதும் அவளுக்குப் பொறுக்கல. கூடவே படுத்து, கூடவே சாப்ட்டு, ஒரே தட்டுல தின்னவ" என்றாள். பெரியநாயகி பக்கத்திலிருந்து, "அவள சொல்லி இன்னா ஆவப் போவுது? கீழ்நாட்டுக்காரங்க எல்லாம் அப்படித்தான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்கள சொல்லல பாய்" என்றாள். உங்களைச் சொல்லவில்லையாம். அந்த இடத்திலேயே நான் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

அந்த ஷாலினி பிள்ளை போன வாரம் கடைக்கு வந்து, "பாய், எழில் போன எடுக்க மாட்டேங்குறா, நீங்களாவது இன்னான்னு கேளுங்க" என்று அழுதுவிட்டுப் போனது. எழில்மதி இல்லாமல் ஆட மாட்டேன் என்று டீமில் சொல்லியிருக்கிறது. அதன்மேல் பழி. நான் வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் தீரும். திறக்கவில்லை. கொண்டுபோன வாழைப்பழத்தைக் கொடுத்தேன். "படிப்பு முக்கியம்மா" என்று எதையோ உளறினேன். எழில்மதி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அஸ்ரப் நிஷாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு உங்கள பெரியப்பான்னு கூப்புட்டுக்கினு கீது. மனு எழுதத் தெரிஞ்சுதே, இத்தயும் எழுதுங்க" என்றாள்.

இன்று காலை முதல் வேலையாகக் குழு ஆபீசுக்குப் போனேன். நான்தான் எழுதினேன், கேள்விப்பட்டதை விசாரிக்காமல் எழுதியது தவறு, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று என் பெயர், என் கடை விலாசம் போட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த கிளார்க் அம்மா ரெண்டு தடவை படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வாபஸ் வாங்கிட்டா பதிவேட்டுல இருக்கிறது மாறிடுமா பாய்? பாத்தத பாக்கலைன்னு நாங்க எழுத முடியுமா? சீட்டோட அவங்கப்பா வந்தா ஆச்சு. வேற வழி கெடையாது" என்றார். காலில் விழாத குறைதான். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

அப்படியே எதிர்க்கடைக்குப் போய் நவுஷாதிடமும் சொன்னேன். அவன் ஊர் டீம்மேல் பொய் எழுதியிருக்கிறேனே. ஒரு வார்த்தை திட்டவில்லை. கையில் இருந்த போனுக்கு ஸ்கிரீனை ஒட்டி முடித்தான். "எங்க புள்ளைங்க பேர கெடுக்கணும்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே பாய், சிரிச்சிருப்பேன்" என்றான். அப்புறம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடியும் மலைக்குப் போகிறேன். இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கியதும், உட்காருவதற்கு முன்னால், எழில்மதியிடம் சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவள் என்ன செய்வாள் என்று தெரியாது. செருப்பைக் கழற்றினாலும் நின்று வாங்கிக்கொள்வேன். ஆனால் ஷாலினி பழி சுமக்கக் கூடாது. தான் மலைக்காரி என்பதால்தான் இப்படி ஆனது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு நாள்கூட ஜாஸ்தி இருக்கக் கூடாது. பூமாலை, நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் உனக்கு இனி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அவளைக் கவிழ்க்க யாரும் நினைக்கவில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மடையன், அவளை மேலே ஏற்றுவதாக நினைத்துக் காலை வாரிவிட்டான்.

உன் மச்சானை ஞாயிற்றுக்கிழமை அனுப்பாதே. அவள் ஒரு முறை காப்பித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் திரும்பி வர மாட்டாள், அது உனக்கே தெரியும். இந்தக் கடிதம் வெள்ளி, இல்லாவிட்டால் சனிக்கிழமை வரும். சனிக்கிழமை கிளம்பினாலும் நேரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாலும் திங்கள் காலையில் வந்துவிடலாம். நேராக மலைக்குப் போ, அவளைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழு முன்னால் நில். சீட்டைக் காட்டுவது கெஞ்சுவது இல்லை தம்பி. பெற்றவளைப் பார்த்துக்கொண்ட பிள்ளை என்று எழுதி வைத்த தாள் அது. அதை எவன் முன்னால் காட்டினாலும் உனக்குத் தலை நிமிரத்தான் செய்யும்.

எனக்காக வராதே. நான் அங்கே நிற்கக் கூடாது என்றால் நிற்க மாட்டேன். விசாரணைக் குழுவுக்கு என்னிடம் கேட்க வேண்டுமென்றால் மட்டும் வந்து, கேட்டதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அவளைத் தேர்ந்தெடுத்தால் எந்த ஊரில் ஆடினாலும் நான் மைதானத்துப் பக்கம் தலை வைக்க மாட்டேன். இனி இந்த ஜென்மத்தில் எந்த டீம் எத்தனையாவது இடம் என்று ஒருவரிடமும் பேச மாட்டேன். கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க நீ என்னை அடிக்க வேண்டுமா, அடி. ரோட்டிலேயே நிற்பேன், ஓட மாட்டேன். உன் கோபத்தையும் கொண்டுவா, சீட்டையும் கொண்டுவா. ரெண்டில் ஒன்றைத்தான் கொண்டுவர முடியும் என்றால் சீட்டைக் கொண்டுவா.

தங்கச்சி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவன் வரமாட்டேன் என்றால் நீ வா அம்மா. அலைச்சல் வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதினேன், இப்போது வெட்கமில்லாமல் கேட்கிறேன். சேலத்துக்கே வந்து அஸ்ரப் நிஷா உன்னைக் கூட்டிவருவாள். அவள் முகத்தைப் பார்த்து வா, என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

உங்கள் மகள் கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போனால் எத்தனை பேர் காலைப் பிடித்தாலும் திரும்பி வந்துவிடுவாள். இப்போது அவள் காலைப் பிடித்து இழுத்தது சொந்தக் கை. இதிலிருந்தும் அவளை இறைவன் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் நன்றாக இருக்கட்டும். அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,

கா. கலீலுல்லா
த/பெ காதர் பாஷா
கயிறு, தார்ப்பாய்க் கடை
பஸ் ஸ்டாண்டு எதிரில்
கள்ளக்குறிச்சி